சுழியனுக்கு ஒரு கோவணம்

ஆலங்கோட்டையை ஆண்ட திருமலைக்கொழுந்து மன்னரிடம் சுழியன் என்றொரு வேட்டை நாய் இருந்தது. ஒருமுறை காட்டுப்பன்றி மன்னர் மேல் பாய்ந்தபோது குறுக்கே விழுந்து அவர் உயிரைக் காத்தது அதுதான். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. மூத்திரம் அடங்குவதில்லை. மன்னர் காலடியில் படுத்தபடியே ரத்தினக் கம்பளத்தை நனைத்துவிடும். நனைத்துவிட்டு, வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

படைகளை நடத்தும் தளவாய் இராக்கப்பருக்கு அந்த நாயைப் பிடிக்காது. அவரைக் கண்டால் மட்டும் அது உறுமும்.

“அண்டை நாட்டுத் தூதர் வரப்போகிறார், மன்னா. சபை நாறுகிறது. நாயைக் காட்டில் விட்டுவிடலாம்” என்றார்.

காட்டில் சிறுத்தைகள் உண்டு. மன்னர் அரசவை விகடகவி அம்பலக்கூத்தனைப் பார்த்தார்.

“குழந்தைக்குத் துணி கட்டுகிறோமே, மன்னா. நாய்க்கும் கட்டினால் போயிற்று” என்றான் கூத்தன்.

தளவாய் விடவில்லை. “கட்டட்டும். தூதர் முன்னால் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும், நாயோடு இவனும் காட்டுக்குப் போகட்டும்!”

“சம்மதம்” என்றான் கூத்தன்.

முதலில் பட்டில் தைத்தான். வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அடுத்து தோலில் தைத்தான். ஒழுகவில்லை, ஆனால் தொடை உராய்ந்து சிவந்துபோனது. சுழியன் உட்கார்ந்து அவனையே பார்த்தது. அந்தப் பார்வை தாங்காமல் அதை அவிழ்த்தெறிந்து, புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான்.

பிறகு நாயைத் தடவித் தடவி அளவெடுத்தான். உள்ளே துவைத்துத் துவைத்துப் பூப்போலான பழைய வேட்டி. நடுவில் பஞ்சு. வெளியே தேன்மெழுகு தேய்த்த துணி. வாலுக்கு ஒரு துளை. தொடையோரம் ஒழுகாமல் மடித்துத் தைத்து, இடுப்பில் விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக நாடா. சுழியன் இரண்டு சுற்று நடந்து பார்த்தது. வாலை ஆட்டியது. படுத்துத் தூங்கிவிட்டது.

தூதர் வந்தார். சபை கூடியது. தூதர் பேசிக்கொண்டிருக்கையில், நாய்க்குப் பக்கத்து ஆசனத்திலிருந்த தளவாய் துள்ளி எழுந்தார்.

“ஒழுகிவிட்டது! பாருங்கள்!”

அவருக்கும் நாய்க்கும் நடுவே தரை நனைந்திருந்தது. மன்னர் முகம் வாடியது.

கூத்தன் நிதானமாக வந்தான். சுழியனைத் தூக்கித் துணியைச் சுற்றிலும் தொட்டுப் பார்த்தான். வெளிப்புறம் காய்ந்திருந்தது. நாயை இறக்கிவிட்டு, மடியிலிருந்து அளவுநூலை எடுத்துத் தளவாயிடம் போனான்.

“கொஞ்சம் கையைத் தூக்குங்கள், தளவாயாரே.”

“எதற்கு?”

“இடுப்பளவு எடுக்க. சுழியன் துணி கட்டியிருக்கிறது. ஒரு சொட்டும் கசியவில்லை. தரையோ ஈரம். பக்கத்தில் துணி கட்டாமல் இருப்பது நீங்கள்தான். வயதானால் யாருக்கும் வருவதுதான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.”

தூதர் மரியாதையாக விதானத்தை அண்ணாந்து பார்த்தார்.

தளவாயின் மீசை துடித்தது. “என்னடா உளறுகிறாய்? அது வெறும் தண்ணீர்! செம்பிலிருந்து நானே ஊற்றினேன்!”

சபை முழுவதும் தளவாயைத் திரும்பிப் பார்த்தது.

கூத்தன் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

“அளவு வேண்டாம், மன்னா. தளவாயாருக்கு ஒழுகுவது வாய்தான். அதற்குத் துணி தைக்க எனக்குத் தெரியாது.”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். தளவாயை எல்லைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார். சுழியன் எதையும் கவனிக்கவில்லை. மன்னர் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.