கூட்டம் போன பக்கம்

மதுக்கடை கூடாது என்பது வேட்பாளர் தணிகாசலத்தின் கட்சி பிறந்த நாளிலிருந்து விடாமல் பிடித்திருக்கும் கொள்கை. அதைப் பேசினால் இந்தத் தேர்தலில் ஓட்டு குறையும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"கொள்கை கிடக்கட்டும்யா. கூட்டம் போற பக்கம் வண்டியை விடு. ஆளில்லாத இடத்துல நிறுத்தினே, நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றார் ஜீப் ஓட்டும் சூசையிடம்.

சூசை கூட்டத்தின் பின்னாலேயே போய் மதுக்கடை வாசலில் நிறுத்தினார். வரிசையில் நின்ற ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மானத்தை வாங்குறியேய்யா!"

"கூட்டம் இங்கதாண்ணே வந்துச்சு. இந்தக் கடையை மூடுவோம்னு சொன்னதுக்காகப் போன தேர்தல்ல நமக்கு ஓட்டுப் போட்ட பொம்பளைங்க கோயில் தெருவுல காத்திருக்காங்க. நாம நின்ன இடத்துலயே நின்னாத்தானே, தேடி வர்றவங்களுக்கு நாம கிடைப்போம்?"



"கோயில் தெருவுக்கே விடுப்பா" என்றார் தணிகாசலம். "நாளைக்கும் நீயே வந்துடு."