கூறைப்புடவைக்கு எத்தனை இழை

கொடைக்கானல் மேகம் மற்ற ஊர் மேகம் மாதிரி இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். அதை எழுப்பிவிட்டுத்தான் வந்தவர் உட்கார வேண்டும். அந்த ஊரில் தாளில் விட்ட தண்ணீர் காய்வதற்குள் ஆட்சியே மாறிவிடும். அங்கேதான் பிலோமினா டீச்சர் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொடுத்தார்.

அவரிடம் சீடராக வந்த கோதண்டபாணி அவரைவிட ரொம்ப மூத்தவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எது தாமதமானாலும் அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

அடுத்த வாரம் அவருக்கு மணிவிழா. மனைவி வைஜெயந்தியைக் கல்யாணக் கூறைப்புடவையில் வரைந்து மண்டப வாசலில் வைக்க ஆசை. முதல் படத்தைப் பார்த்த வைஜெயந்தி, "கோணிப்பை நல்லா வந்திருக்கு" என்றாள். இரண்டாவதைப் பார்த்து, "இது கொசுவலையா?" என்றாள்.

"மூணாவதும் இப்படி வந்தா, அந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்க மாட்டேன். உங்க பக்கத்துலயும்தான்."

அவள் நிற்காவிட்டால் ஐயர் யார் கழுத்தில் தாலி கட்டச் சொல்வார்?

அதனால் கோதண்டபாணி அந்த அரக்கு நிறப் பட்டுப்புடவையையே பீரோவிலிருந்து எடுத்துவந்து வகுப்பு நாற்காலியில் விரித்துவிட்டார். தூரிகையில் ஒரே ஒரு மயிரை விட்டு மற்றதைப் பிடுங்கிப் போட்டார். அதைக்கொண்டு நெடுக்கு இழைகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துக் குறுக்கு இழைக்கு வந்திருந்தார். அந்த ஒற்றை மயிரும் அன்று காலை நரைத்துவிட்டது.

"டீச்சர், பட்டு மாதிரி மின்னவே மாட்டேங்குதே?"

"காயட்டும் சார்."

"காய்ஞ்சா மின்னுமா?"

"மின்னாது."

"அப்புறம் எதுக்குக் காயணும்?"

"அதுவரைக்குமாவது நீங்க தொடாம இருப்பீங்கல்ல."

கோதண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேள்வி கேட்டா பதில் சொல்லணும் டீச்சர். இழை பத்தலையா? இன்னும் நெருக்கிப் போடட்டுமா?"

டீச்சர் காபி என்று நினைத்துத் தூரிகை கழுவிய தண்ணீரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். "சர்க்கரை கம்மி" என்று டம்ளரை வைத்தார். எழுந்துபோய் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

அறை இருண்டது. நாற்காலியில் கிடந்த பட்டு, கோணிப்பையாகக் கிடந்தது.

"இப்ப எந்த இழை மின்னுது சார்?"

கோதண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புடவையில் மூக்கு உரசத் தேடினார். "எல்லா இழையும் அப்படியேதான் இருக்கு டீச்சர். மின்னலை."

"ம்." ஜன்னல் கதவு ஒன்றை மட்டும் திறந்தார். மடிப்பின் மேடெல்லாம் பளிச்சென்றது.

பிறகு புதுத் தாள் ஒன்றை விரித்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற மட்டை மாதிரி ஒரு தூரிகையைக் கையில் திணித்தார். கோதண்டபாணி தாளை நனைத்து அரக்கைத் தொட்டு வைத்தார். அது தன் பாட்டுக்குப் பரவியது. சிக்னல் கொடுக்காமலே ரயில் கிளம்பியதைப் பார்த்தவர்போல அவர் பதறினார். மடிப்பின் மேட்டுக்குக் கை போனபோதெல்லாம் டீச்சர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அங்க ஈரம் படக் கூடாது. தள்ளிப் போங்க."

காய்ந்தது. எப்போது காய்ந்தது என்று கேட்காதீர்கள். பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கருமை சேர்த்தார். அவ்வளவுதான். தாளில் பட்டு கிடந்தது. தொட்டால் சரசரக்கும்போல இருந்தது.

கோதண்டபாணிக்கு வைஜெயந்தியின் முகம் ஞாபகம் வந்தது. வாய் மலர்ந்தது. உடனே கை அரித்தது.

"டீச்சர், முந்தானை மடிப்புல வெள்ளையா ஒரு இடம் காலியா இருக்கே. சின்ன இடம்தான். ஒரு நாலு இழை மட்டும் போட்டுடட்டுமா?"

தூரிகை அந்த இடத்துக்கு மேலே வந்து நின்றது.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்க வெளிச்சம் வந்து உட்கார்ந்தாச்சு சார். நீங்க எழுந்திருங்க."