எருமை தந்த சம்மதம்

நேசிப்பதாக நாம் மேடையில் முழங்கும் உயிர் நம் கையை அறியுமா?

மனித–விலங்கு உறவியல் பேராசிரியர் தணிகைவேல், பல்கலைக்கழக எருமையைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர். ஒரு நாள் கறவைக்காரி பேச்சியம்மாளிடம், “என் ஆய்வுக்கு அந்த எருமையின் சம்மதம் வேண்டும். நாளைக்குள் வாங்கித் தராவிட்டால் உனக்கு வேலை இல்லை” என்றார்.

மறுநாள் காலை தொழுவத்தில், அந்தச் சம்மதத்தைக் காண வந்த துணைவேந்தர் முன்னிலையில், அவள் கறவைச் செம்பைப் பேராசிரியரிடமே நீட்டினாள்.

“தனக்குப் பிடிச்ச கைக்குத்தாங்க இவ பால் விடுவா. அதுதான் இவ சம்மதம். நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க, ஐயா.”

பேராசிரியர் எவ்வளவு இழுத்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை, வாலடிதான் கிடைத்தது. பேச்சியம்மாள் தொட்டதும் செம்பு நுரைத்தது.

“மூணு புஸ்தகம் எழுதினீங்களே, ஒரு நாள் தண்ணி காட்டினீங்களா?”

“ஆய்வு நிற்கட்டும், பேச்சியம்மாள் இருக்கட்டும்” என்றார் துணைவேந்தர்.

இன்னும் எத்தனை நூல்கள்தான் எழுதுவோம்? அன்பர்களே, இன்றே எழுந்து, வாசலில் நிற்கும் உயிருக்கு ஒரு வாளி தண்ணீர் வையுங்கள்!