ஞாயிற்றுக்கிழமை டீச்சர்

அருளப்பனுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய குருவுக்கு முப்பத்துநாலு. குருவின் பெயர் இன்பவல்லி. அவர் அவளை 'டீச்சர்' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

திருச்சி உறையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடி. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஐந்தாறு பேர் அங்கே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். இன்பவல்லி ஒரு கதையைத் தொடங்கி வைப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள். திருடனாகவும் ராணியாகவும் படகோட்டியாகவும் வாய்ப்பேச்சிலேயே வாழ்ந்துவிட்டு, ஆறு மணிக்கு டீ குடித்துக் கலைவார்கள்.

இப்படி விளையாடுவதற்கென்று இன்பவல்லி எழுதி அச்சடித்த புத்தகங்கள் ஒன்பது. வெளியூர்க்காரர்கள்கூடக் கேட்டு வாங்கினார்கள்.

அவளைப் போலவே தானும் எழுதி, அச்சடித்து, அதிலேயே பிழைக்க வேண்டும் என்பது அருளப்பனின் ஆசை. இரண்டு வருஷமாக அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். அணையில் மூழ்கிப்போன ஊருக்குள் ஆளுக்கொரு பொருளைத் தேடிப் போகிற மாதிரி ஒரு விளையாட்டும் எழுதி முடித்திருந்தார். "நல்லாருக்குண்ணே" என்று அவள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

முதல் நாளே அவள் அவருக்கு ஒரு விதி சொல்லியிருந்தாள்.

"கதை நடத்துறவங்க, கேட்டதுக்குப் பொய் சொல்லக் கூடாது. கேக்காததை வலியப் போய்ச் சொல்லவும் கூடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் ஒரு கதவு வந்தது.

"திறக்கறேன்" என்றார் அருளப்பன்.

"திறந்துருச்சு. அந்தப் பக்கம் தரை இல்ல. கிணறு."

"ஐயோ! இப்ப நான் என்ன பண்றது டீச்சர்?"

"அதை நான் சொல்ல முடியாதே அண்ணே."

பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் மஸ்தான் பாய் மேசையைத் தட்டிச் சிரித்தார். "உள்ள என்ன சத்தம் வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கதவைக் கண்டா போதும், அண்ணன் மருமகப்பிள்ளை மாதிரி நுழைஞ்சிடுறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பனும் சிரித்தார்.

அருளப்பனுக்கு ஒரு சிமெண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. இருபத்தாறு வருஷம். ஒரு வியாழக்கிழமை காலை மாதா கோவில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "தாயே, நல்லபடியா நடத்திக் குடு" என்று வேண்டிக்கொண்டார். செய்யலாமா என்று மாதாவிடமும் கேட்கவில்லை. நேரே கம்பெனிக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். மேனேஜர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினார். பாதி வீட்டுக்கு. பாதி ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கு. யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. திடீரென்று சொல்லி எல்லோரையும் அசத்திவிட வேண்டும்.

பைபாஸில் வண்டி திக்கியது. பெட்ரோல் பங்குக்குள் விட்டார்.

"நூறு ரூபாய்க்கு."

"ஜீரோ பாத்துக்குங்க சார்."

"ம், சரி சரி" என்றார், மெஷின் பக்கம் திரும்பாமலே. மைசூர்பாகு நசுங்கிவிடக் கூடாதே என்று அவர் கவனம் முழுவதும் பெட்டியில் இருந்தது.

பிறகுதான் அந்தக் குரல் அவர் காதில் இறங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றி நிமிர்ந்தார்.

நீலத் தொப்பி. சுடிதாருக்கு மேல் பங்குச் சட்டை. தோளில் குறுக்கே தோல் பை. கையில் பெட்ரோல் குழாய்.

பூஜையில் வைத்த படம் எழுந்து தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது அருளப்பனுக்கு.

"டீச்சர்?"

"அட, அண்ணே! ஹெல்மெட்ல தெரியல."

"நீங்க... இங்க?"

"காலை ஷிஃப்ட். ஆறுலருந்து ரெண்டு வரைக்கும்."

"யாருக்காச்சும் பதிலா வந்தீங்களா?"

"இல்லண்ணே. என் வேலைதான். பதினோரு வருஷமாச்சு."

மெஷின் நூறில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஒன்பது புத்தகம், டீச்சர்! ஊரெல்லாம் வாங்குறாங்களே!"

"வாங்குறாங்க. அது அடுத்த புத்தகத்துப் பேப்பருக்குச் சரியாப் போயிடும். மிஞ்சினா தீபாவளிக்கு ஒரு துணி."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

அவள் கையிலிருந்த குழாயைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு வருஷமாச்சே! ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலையே அண்ணே." வழக்கம்போல் சிரித்தாள்.

"இன்னைக்கிக் காலைல வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றது. குழாயை மெஷினில் மாட்டப் போனாள். இரண்டு தரம் தவறியது.

"வீட்ல அக்காகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"என்கிட்ட?"

அருளப்பன் மைசூர்பாகுப் பெட்டியைப் பார்த்தார்.

பின்னால் ஒரு பால்காரர் ஹார்னை அழுத்தினார். "யோவ், குடும்பக் கதை பேச வேற இடமில்லையா? வெயில் மண்டையைப் பிளக்குது!"

"ஒரே நிமிஷம் சார்" என்று அவருக்குக் கை காட்டினாள் இன்பவல்லி.

"உண்மையைச் சொல்லுங்க டீச்சர்" என்றார் அருளப்பன். "நான் முன்னாடியே கேட்டிருந்தா, இந்தப் பொழப்பு வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"எனக்குப் பத்துப் பேர் சொன்னாங்க. நான் எழுதறதை நிறுத்தலையே."

"இப்ப நான் என்ன பண்றது?"

"அதை நான் சொல்ல முடியாதே அண்ணே."

இந்தத் தடவை சிரிக்க அங்கே யாரும் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கருந்து எங்க போறீங்க? வீட்டுக்கா, திரும்பக் கம்பெனிக்கா?"

"தெரியல டீச்சர்."

"அப்ப நூறு ரூபாய்க்குப் போட்டது பத்தாது."

அவர் மறுபடியும் மூடியைத் திறந்தார். அவள் குழாயை எடுத்தாள்.

"ஜீரோ பாத்துக்குங்க அண்ணே."

அருளப்பன் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.