பூட்டிய கடையின் முன்னே ஒரு நாள்

நெருங்கி உட்காருங்கள். சிறியவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். இது நம் ஊர்க் குளத்தை வெட்டுவதற்கும் முந்திய காலத்துக் கதை.

அந்தக் காலத்தில் மணல்வாய் என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. உப்பு வணிகன் கொற்றனும் அவன் மனைவி வெண்ணியும் அங்கே வந்து சேர்ந்தார்கள். இருபது வருஷம் உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராக வண்டி ஓட்டியவர்கள். மலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து கொற்றனுக்கு இடுப்பில் பலத்த அடி. இனிமேல் வழிப்பயணம் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றார்கள், மாடுகளை விற்றார்கள், ஒரு கடை வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று வந்தார்கள். கடை சரியாக அமைந்தால் பிழைப்பு. அமையாவிட்டால் திரும்பிப் போக மாடும் இல்லை, வண்டியும் இல்லை.

மணல்வாயில் அப்போது மூன்று கடைகள் விலைக்கு வந்திருந்தன. அரிசியும் பருப்பும் விற்கிற கடைகள் அல்ல. ஒரே பண்டத்தை விற்று, அதற்கே பேர் வாங்கியவை. ஒன்று ஆதனின் தேன் கடை. ஒன்று பூதனின் பணியாரக் கடை. ஒன்று சேந்தி என்ற பெண்ணின் ஊறுகாய்க் கடை.

தேன் கடை துறைமுக வாசலிலேயே இருந்தது. கூட்டம் முண்டியடித்தது. பணியாரக் கடையில் செப்புப் பாத்திரமெல்லாம் பளபளத்தது. வாசலில் வாழைமரம் கட்டி, விலைக்கு வைத்த நாள் முதல் வந்தவருக்கெல்லாம் ஒரு பணியாரம் சும்மா கொடுத்தான் பூதன். ஊறுகாய்க் கடையோ ஒரு சந்தின் கோடியில், கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. துணியால் வாய் கட்டிய சாடிகள் மட்டும் உள்ளே வரிசையாக நின்றன.

முதல் கடையைப் பார்த்ததும் கொற்றனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் அதுவும் பிடித்தது. மூன்றாவதைப் பார்த்ததும் இடுப்பு வலிக்கிறது, போகலாம் என்றான். சில ஆண்பிள்ளைகளுக்குப் பிடிக்காத இடத்தில்தான் வலி வரும். நான் எல்லோரையும் சொல்லவில்லை.

வெண்ணி அவசரப்படவில்லை. மூன்று பேரிடமும் ஒரே பேச்சைப் பேசினாள்.

“ஒரு நாள் கடையப் பூட்டி வைங்க. அன்னிக்கு வரும்படிய நான் தந்துடறேன்.”

கடையைத் திறந்து பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு, பூட்டிப் பார்த்து வாங்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஆதன் சிரித்தான். பூதன் இரண்டு நாள் வரும்படி கேட்டான். சேந்தி ஒன்றும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்தாள்.

முதல் நாள் தேன் கடை பூட்டியிருந்தது. வெண்ணி எதிரே மரத்தடியில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், அடுத்த கடையில் தேன் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆதன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அது தேனுக்கு வந்த கூட்டம் இல்லை, துறைமுக வாசலுக்கு வந்த கூட்டம்.

இரண்டாம் நாள் பணியாரக் கடை பூட்டியிருந்தது. சும்மா கொடுக்கிற பணியாரம் இன்றைக்கு இல்லை என்று தெரிந்ததும் காலையில் யாரும் வரவில்லை. மத்தியானம் ஒரு நாய் வந்து மோந்து பார்த்தது. அதுவும் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஊறுகாய்க் கடை. உச்சி வெயில் வரை சந்தில் ஆளே இல்லை. நான் அப்போதே சொன்னேனே என்று கொற்றன் வாயெடுத்தான். அதற்குள் ஒரு பெண் கிண்ணத்தோடு வந்தாள். கதவைத் தட்டினாள், காத்திருந்தாள், மறுபடி தட்டினாள். வெண்ணி எழுந்து போய், கடைத்தெருவில் வேறு ஊறுகாய் கிடைக்குமே என்றாள்.

“கெடைக்கும். ஆனா எங்க மாமனார் கஞ்சிக்கு இந்த நார்த்தங்காய் இல்லேன்னா வாயத் தொறக்க மாட்டார். நாளைக்கு வாரேன். சேந்தியக்காவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

அவளுக்குப் பின்னால் ஒரு மாலுமி வந்தான். பிறகு ஒரு தச்சர் வந்தார். பொழுது சாய்வதற்குள் பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் வெறும் கிண்ணத்தோடு திரும்பினார்கள். பதினோரு பேரும் சேந்தியைத்தான் விசாரித்தார்கள்.

இதுதான் நமக்கு வேண்டிய கடை என்றாள் வெண்ணி. அப்போது கொற்றன் ஒரு கேள்வி கேட்டான். அவனை இவ்வளவு நேரம் கேலி செய்தேன், ஆனால் இந்தக் கேள்விக்கு அவனைக் கும்பிட வேண்டும்.

“அவங்க எல்லாரும் அந்தம்மாவத்தானே தேடி வந்தாங்க. நாளைக்கு நீ உக்காந்திருந்தா யார் வருவா?”

வெண்ணி உடனே எழுந்தாள். நேரே சேந்தி வீட்டுக்குப் போய், வந்த பதினோரு பேரையும் அடையாளம் சொன்னாள். சேந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு அழுதாள். ஒரே மகள் கடலுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், மாசிக் கப்பலில் அவளிடம் போகத்தான் கடையை விற்கிறேன் என்றாள். ஒரு நாள் பூட்டியதற்கே இத்தனை பேர் தேடுவார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

“அக்கா, கூரையும் சாடியும் பணத்துக்குக் கெடைக்கும். ஒங்க கை கெடைக்காது. ஆனிக் கப்பல்ல போங்க. அது வரைக்கும் என்னப் பக்கத்துல வெச்சுக்குங்க.”

சேந்தி யோசித்தாள். மகளைப் பார்க்க நாலு மாதம் தள்ளிப் போகும். அது அவளுக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் சரி என்று கடையை வெண்ணிக்கே விற்றாள்.

பங்குனியில் மாவடு வந்தது. இருவரும் சேர்ந்து போட்டார்கள். பிறகு எலுமிச்சை, பிறகு நார்த்தங்காய். யார் வந்தாலும் சேந்தி பக்கத்தில் நின்றுகொண்டு வெண்ணியின் கையாலேயே கொடுக்க வைத்தாள். அவள் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: உப்பில் கையை இறுக்கு. உப்பு வணிகனின் மனைவி அல்லவா? படி தளும்ப அளந்து கொடுத்தே பழகிய கை.

ஆனி வந்தது. சேந்தி கப்பல் ஏறினாள். வெண்ணி தனியாகப் போட்ட முதல் எலுமிச்சைச் சாடியைத் திறந்த அன்று, ஒரு கிழப் படகுக்காரர் வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சுருங்கியது. கொற்றன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

“உப்புக் கரிக்குது தாயி.”

கிழவர் கிண்ணத்தை நீட்டினார்.

“மோர்ச்சோத்துக்குத் தாங்கும், போடு. அடுத்த சாடியில கையக் கொறச்சுக்க. அமாவாசைக்கு வாரேன்.”

அவர் போன பிறகு, குறை சொல்லிவிட்டுப் போகிறாரே என்று கொற்றன் கவலைப்பட்டான். வெண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வேண்டாம் என்று நினைப்பவர் குறை சொல்லிக்கொண்டு நிற்கமாட்டார், பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்றாள். பிறகு எலுமிச்சை நறுக்க உட்கார்ந்தாள். கிழவர் அமாவாசைக்கு வந்தார், கூடவே தன் மருமகனையும் அழைத்து வந்தார்.

ஆகையால் பிள்ளைகளே, கடை வாங்கப் போகிறவர் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்காமல் மறுபடி தேடி வருகிறவரைப் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு அவர் நம்பிக்கையைத் தம் கையாலேயே சம்பாதிக்க வேண்டும்.