ஒட்டகம் பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில், ஒட்டகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், இரண்டு ராஜ்யங்களின் எல்லையில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு சிற்றூர் இருந்தது. பத்து வீடு, ஒரே கிணறு. உப்பு ஏற்றி அடுத்த ராஜ்யத்துக்குப் போகிறவர்கள் அதில் குடித்துவிட்டுத்தான் எல்லை தாண்டுவார்கள். அதை விட்டால் தண்ணீருக்கு மூன்று நாள் நடக்கவேண்டும்.

கிணற்றைக் காத்தவள் ஜீவணி. எல்லைக்கு அப்பாலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்தன்று அவளைச் சுமந்து வந்த ஒட்டகம்தான் உப்பு வணிகர்களுக்கு வழிகாட்டி. வரும்போதெல்லாம் அவள் பிறந்த வீட்டுச் சேதி சொல்லும். அவள் அதை அண்ணே என்பாள். அது அவளைத் தங்கச்சி என்னும்.

மூன்று வருஷம் மழை பொய்த்தது. கிணற்றில் முழங்கால் அளவுதான் மிச்சம். ஜீவணிக்கோ கைக்குழந்தை. ஒருநாள் உச்சிவெயிலில் தூரத்தில் புழுதி எழும்பியது. ஒன்பது மனிதர், இருபது ஒட்டகம்; எல்லாருக்கும் முன்னால் அந்த வழிகாட்டி ஒட்டகம். இத்தனை பேரும் குடித்தால் ஊர் என்ன ஆகும்? ஓடிப்போய்க் கிணற்று வாயில் பலகையைப் போட்டு, மேலே மணலை வாரி இறைத்தாள்.

"தங்கச்சி, தண்ணி இருக்கா?"

"வத்திப்போச்சு அண்ணே."

ஒட்டகம் மூக்கை உயர்த்தியது. "ஈர வாசனை வருதே?"

"அது அடிச்சேறு."

அது அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மூக்கை நம்பாமல் அவளை நம்பியது. "இங்கே இல்லையாம், நடங்க," என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனது. கூப்பிட்டுவிடலாமா என்று ஜீவணி நாலு எட்டு பின்னாலேயே போனாள். ஆனால் கூப்பிடவில்லை.

ஏழாம் நாள் ஒட்டகம் தனியாகத் திரும்பி வந்தது. முதுகில் சுமை இல்லை, பின்னால் ஆளும் இல்லை, மற்ற ஒட்டகங்களும் இல்லை. ஜீவணி அப்போது தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி கை நழுவிக் கிணற்றில் விழுந்தது.

"அண்ணே, என்னைத் திட்டு! மிதி! பேசாம மட்டும் நிக்காதே!" என்று அதன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? அவங்க என் வாய்ச்சொல்லை நம்பித்தானே நடந்தாங்க," என்றது ஒட்டகம். அதற்குப் பிறகு அது பேசவேயில்லை. அவள் ஊற்றிய தண்ணீரைக் குடித்தது, படுத்தது. ஏதோ சொல்ல வருவதுபோல் வாயை அசைத்து, அப்படியே விழுங்கியது.

ஜீவணி சாகும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலே தண்ணீர் வார்த்தாள். ஒருவரும் அவளை அண்ணன்போல் தங்கச்சி என்று அழைக்கவில்லை.

அன்று முதல்தான் ஒட்டகம் எந்த மனிதரிடமும் பேசுவதில்லை. நாவரை வந்த சொல்லை ஓயாமல் மென்று மென்று விழுங்கிக்கொண்டே இருக்கிறது.