ரஸ்க் நிற்க வேண்டும்

“கோச், போட்டிக்கு நான் என்னங்க போட்டுக்கட்டும்?”

“தலைக்கு ஹெல்மெட். பட்டையைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் போடணும்.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் துணி.”

கேட்டவள் மங்கையர்க்கரசி. கோயம்புத்தூரில் பல் டாக்டர். வயது நாற்பத்தேழு.

பதில் சொன்னவள் ஜெசிந்தா. ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த குதிரைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள். வயது இருபத்தாறு.

போட்டியின் பெயர் டிரஸ்ஸாஜ். அதில் வேகமாக ஓட வேண்டாம். எதையும் தாண்டவும் வேண்டாம். சொன்ன இடத்தில் நடக்க வேண்டும், சொன்ன இடத்தில் வட்டம் போட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் நடுக்கோட்டில் நின்று நடுவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். கடிவாள வாரை இடது கையில் சேர்த்துப் பிடித்து, வலது கையைக் கீழே தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்தினால் அதுதான் வணக்கம்.

மங்கையர்க்கரசி ஏறும் குதிரையின் பெயர் ரஸ்க். நிறமும் அதுதான், விரும்பித் தின்பதும் அதுதான்.

ரஸ்க் நன்றாக நடக்கும். அழகாக வட்டம் போடும். நிற்க மட்டும் நிற்காது.

போன வாரப் பயிற்சியில் நடுக்கோட்டில் நிற்கச் சொன்னபோது, நேரே நடுவர் மேசையாகப் போட்டிருந்த மேசைக்குப் போய் விரிப்பைக் கடித்துப் பார்த்தது.

“ஞாயித்துக்கிழமையும் இது நிக்கலேன்னா, நான் குதிரை ஏறறதையே விட்டுடறேன்” என்றாள் மங்கையர்க்கரசி.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

“சரிங்க டாக்டர்” என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் மங்கையர்க்கரசி ஒரு பையோடு வந்தாள். உள்ளே, கடிவாளத்தில் மாட்டும் புதிய வாய் இரும்பு. கனமாக, முறுக்கு முறுக்காக இருந்தது.

“இத வாயில போட்டா எந்தக் குதிரையும் நிக்கும்னு கடைக்காரர் சொன்னாருங்க.”

ஜெசிந்தா அதை வாங்கி அவளிடமே நீட்டினாள். “உங்க வாயில வச்சுப் பாருங்க.”

பல் டாக்டர் அந்த இரும்பைப் பார்த்தாள். ரஸ்கின் கடைவாய்ப் பற்களைப் பார்த்தாள். இரும்பைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“ஆரம்பநிலைப் போட்டியில இதுக்கு அனுமதியும் இல்லீங்க” என்றாள் ஜெசிந்தா. “வழுவழுன்னு இருக்கற சாதாரண இரும்புதான்.”

அடுத்த நாள் குதிமுள் வந்தது. பூட்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு குதிரையின் விலாவைத் தொடும் சிறிய உலோக முனை.

ஜெசிந்தா அதைக் கொட்டகைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அதன்மேல் தன் தொப்பியை மாட்டினாள். குதிரைக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

அதற்கும் அடுத்த நாள் கையுறை வந்தது. உள்ளங்கை முழுக்க ரப்பர்ப் புள்ளிகள்.

“வார் வழுக்கவே வழுக்காதாம். பிடிச்சா பிடிச்சதுதானாம்!”

ஜெசிந்தா அதை வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க. இடது கைக்குப் போட்டுக்குங்க.”

“வலது கைக்கு?”

ஜெசிந்தா வலது கையுறையை ஆணியில் மாட்டினாள். “ஞாயித்துக்கிழமை தர்றேன். அந்தக் கைக்கு வேற வேலை இருக்கு.”

“என்ன வேலைங்க?”

“ஏறுங்க டாக்டர். நேரமாச்சு.”

அன்றும் எல்லாம் நன்றாகப் போனது. நடுக்கோட்டுக்கு வந்ததும் மங்கையர்க்கரசி இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். ரஸ்க் பக்கவாட்டில் ஒதுங்கியது.

“வணக்கம் வைக்கலீங்களே?”

“அத அன்னைக்குப் பாத்துக்கலாம் கோச். சும்மா ஒரு மரியாதைதானே? இப்ப கைய விட்டா இது மதுக்கரைக்கே போயிடும்.”

ஜெசிந்தா ஆணியில் தொங்கிய வலது கையுறையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது!

திடலைச் சுற்றி வெள்ளைப் பலகைகள். கொடிகள். ஒலிபெருக்கியில் பெயர்கள். மங்கையர்க்கரசி வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டிருந்தாள். ரஸ்கின் பிடரி மயிர் சின்னச் சின்ன முடிச்சுகளாகப் பின்னியிருந்தது. ரஸ்க் வந்ததும் வராததுமாகத் தன் பச்சை எச்சிலை அந்த வெள்ளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது.

“ஐயோ!”

“நல்ல சகுனந்தாங்க” என்று சொல்லி, ஜெசிந்தா ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். வலது கையுறையைக் கொடுத்தாள். பிறகு குனிந்து, ரஸ்கின் கால்களில் சுற்றியிருந்த பட்டைத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

“அது அதோட காலுக்குப் பாதுகாப்பு இல்லீங்களா?”

“வாசல் வரைக்கும். இதோட உள்ள போனா வெளிய அனுப்பிடுவாங்க.”

ஆரம்பநிலையில் மற்றவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் நறுமுகை என்ற சிறுமி போன மாதம்தான் மங்கையர்க்கரசியிடம் பல் பிடுங்கிக்கொண்டாள். அவள் தன் குட்டைக் குதிரையின் மேலிருந்து கத்தினாள்:

“டாக்டர் ஆன்ட்டி! கைய இறுக்கிப் பிடிக்காதீங்க! லூசா விடுங்க கண்ணு! எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும்!”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அது மங்கையர்க்கரசி தன் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் சொல்வது. குரல்கூட அப்படியே இருந்தது.

“வாடி, அடுத்த பல்லுக்கு வா. பாத்துக்கறேன்” என்றாள் மங்கையர்க்கரசி.

மணி அடித்தது.

ஆரம்பநிலைக்கு ஒரு சலுகை உண்டு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவர் பலகைக்கு வெளியே நின்று படிக்கலாம். தாளில் இருப்பதை மட்டும் படிக்க வேண்டும். கூட ஒரு சொல் சேர்க்கக் கூடாது.

ஜெசிந்தா படித்தாள். “நடுக்கோட்டில் நுழைக. நில். வணக்கம்.”

மங்கையர்க்கரசியின் வலது கை கீழே போனது. சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோல உடனே வாருக்குத் திரும்பியது. ரஸ்க் முன்னால் நகர்ந்தது. நடுவர் ஏதோ எழுதினார்.

“பெருநடை. வலப்புறம் வட்டம்.”

ரஸ்க் புறப்பட்டது. என்ன நடை! பின்னிய பிடரி துள்ளியது. சேணம் கிறீச்சிட்டது. வட்டம் வட்டமாகவே வந்தது. இடப்புற வட்டம் அதைவிட நன்றாக வந்தது. மங்கையர்க்கரசி தன்னை அறியாமல் சிரித்தாள்.

“நடுக்கோடு.”

சிரிப்பு நின்றது.

“நில்.”

ரஸ்க் நின்றது. அவள் கைகள் இறுகின. ரஸ்க் கழுத்தை முன்னே தள்ளியது. அவள் இன்னும் இறுக்கினாள். ரப்பர்ப் புள்ளிகள் வாரைக் கவ்வின. ரஸ்க் முன்னங்காலைத் தூக்கியது. எதிரே நடுவர் மேசை. மேசையின் மேல் புது விரிப்பு.

ஜெசிந்தாவின் குரல் வந்தது.

“வணக்கம்.”

மங்கையர்க்கரசி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். தினமும் பார்ப்பதுதான். பல் பிடுங்கும் நாற்காலியின் கைப்பிடியில்.

“லூசா விடு கண்ணு” என்று முணுமுணுத்தாள்.

வலது கையை எடுத்தாள். அது கீழே இறங்கி, தொடைப் பக்கம் வெறுமனே தொங்கியது.

தூக்கிய கால் தரைக்கு வந்தது.

ரஸ்க் பெருமூச்சு விட்டது. ஒரு காதைப் பின்னால் திருப்பி அவளைக் கவனித்தது.

நின்றது.

அவள் தலையைத் தாழ்த்தினாள். நடுவரும் தாழ்த்தினார். கைதட்டல் கேட்டது. ரஸ்க் அப்போதும் நின்றது. அவளுக்குத்தான் கையைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை.

வாசலில் ஜெசிந்தா தாளைக் காற்றில் வீசிவிட்டு ஓடிவந்தாள்.

“நின்னுச்சு டாக்டர்! நின்னுச்சு! பாத்தீங்களா, நின்னுச்சு!”

குதித்து முடித்தபின் அவளுக்குத் தான் குரு என்பது நினைவுக்கு வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“சரிங்க. அடுத்த போட்டிக்கு என்ன வாங்கப் போறீங்க?”

மங்கையர்க்கரசி வலது கையுறையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

“அந்த ஆணியில இன்னும் இடம் இருக்குங்களா, கோச்?”